கலசம் புதைத்த சரிவு

ஜூன் பாதி கழிந்தும் செர்லுங்கில் பனி விட்டபாடில்லை. காலையில் சுள்ளென்று வெயில், கொஞ்ச நேரத்தில் காற்று, மதியம் ஆலங்கட்டி, சாயங்காலம் பனி என்று ஒரே நாளில் எல்லாக் காலத்தையும் காட்டி முடித்துவிட்டு, மறுநாளும் வானம் அதையே முதலிலிருந்து ஆரம்பித்தது. யும்சோ முழங்காலில் ஊர்ந்தபடி, சரிவின் மேல் விரித்திருந்த வெள்ளைத் துணியின் ஓரங்களில் கல் வைத்துக்கொண்டே போனாள். எல்லாம் நேற்று வைத்த கற்கள்தான். காற்று துணியைப் பிய்த்துக் கொண்டுபோய் வேலிக்கம்பியில் மாட்டிவிட்டு, கற்களை மட்டும் அவளுக்கு விட்டுவைத்திருந்தது.

"இழுத்துப் பிடிய்யா. என்னத்த வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற?"

துணியின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் லூபும் என்கிற அவள் புருஷன், மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே மலைமுகட்டில் மேகம் கருத்துக்கொண்டு வந்தது.

"வருது பாரு."

"வரட்டும். அதுக்கு வேற வேலை என்ன இருக்கு? நீ இழு."

துணிக்கு அடியில் விதை இருந்தது. விதைக்கு அடியில் இருந்ததை மண் என்று சொன்னால் அது மண்ணுக்கே அவமானம். நிலக்கரிக்காகச் செர்லுங்கின் தோலை உரித்துப் போட்டபோதே மண் போய்விட்டது. சுரங்கத்தை மூடிய பிறகு, வெட்டிப்போட்ட கறுப்புக் கல் குப்பையையெல்லாம் சரித்து ஒரு மலைபோல ஆக்கி, அதே கல்லைப் பொடித்துச் சலித்து, ஆட்டெருவைக் கலந்து மேலே பரப்பியிருந்தார்கள். இந்த உயரத்தில் விதைக்கக் கிடைப்பது மே கடைசியும் ஜூனும்தான். அதற்குள் விதைத்து, முளைக்க வைத்து, ஆகஸ்டில் மாகாணத்திலிருந்து பார்வையிட வருகிறவர்கள் கண்ணுக்குப் பச்சை தெரிய வேண்டும். தெரிந்தால், அடுத்த கோடையில் வேலியைப் பிரித்து நிலத்தை லூபும் வீட்டிடமே கொடுத்துவிடுவார்கள்.

செர்லுங் அவர்களுடைய கோடை மேய்ச்சல் நிலம். பாகப்பிரிவினையில் அண்ணன் ஷாவோ ஆற்றங்கரைப் பக்கத்தை எடுத்துக்கொண்டான், தம்பி லூபுமுக்கு மேலே செர்லுங் வந்தது. அதற்கடியில் கரி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வந்தார்கள், வேலி போட்டார்கள், நஷ்டஈட்டுப் பணம் என்று ஏதோ கொடுத்தார்கள். பணம் வந்த வழியே போய்விட்டது. யாக் மாடுகள் போகுமா? அவை ஒவ்வொரு கோடையிலும் ஷாவோவின் நிலத்தில் அடைக்கலம் புகுந்து, அவனுடைய வாய்ச்சொல்லையும் சேர்த்து மேய்ந்துகொண்டிருந்தன.

ஆலங்கட்டி விழத் தொடங்கியது. இருவரும் துணியின் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் துணி பறக்காது. முதுகில் படபடவென்று கட்டிகள் விழுந்தன. மேலங்கியைத் தலை மூடும்வரை இழுத்துவிட்டுக்கொண்டு யும்சோ கண்ணை மூடினாள். அப்படியே கொஞ்சம் தூங்கிவிடலாம் போலிருந்தது. வேலைக்கு நடுவே கிடைத்த ஓய்வு இது ஒன்றுதான் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

கீழே ஆபீஸாக வைத்திருந்த கண்டெய்னரின் வாசலில் நின்று மா மேஸ்திரி கத்துவது கேட்டது. "தம்பீ! தங்கச்சீ! உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கோம்! கூலியக் கொறச்சிராதீங்க!" என்று லூபும் படுத்தபடியே திருப்பிக் கத்தினான்.

மா மேஸ்திரி கீழ்நாட்டு முஸ்லிம். ஊரில் கோதுமையும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். இங்கே வந்து இரண்டாவது வருஷம் ஆகியும் மூச்சு பழகவில்லை. பத்து எட்டு நடந்தால் நின்று, வானத்தைத் திட்டுவதுபோல மூச்சு வாங்கிக்கொள்வார். அவர் ஓட்டிவந்த பொக்லைனும் அப்படித்தான், காலையில் அடியில் வறட்டி நெருப்புப் போட்டுச் சூடு காட்டினால்தான் கண் திறக்கும்.

அன்று சாயங்காலம் ஷாவோ மோட்டார் சைக்கிளில் வந்தான். கூடாரத்துக்குள் நுழைந்ததும் அடுப்புக்குப் பக்கத்தில் மேலிடத்தில் உட்கார்ந்துகொண்டான். யும்சோ உப்புப் போட்ட பால் தேநீரை ஊற்றி, வறுத்த பார்லி மாவையும் வெண்ணெயையும் முன்னே நகர்த்தி வைத்தாள். அவன் தேநீரை ஊதி ஊதிக் குடித்தான், மாவைத் தொடவில்லை. தொடாவிட்டால் ஏதோ சொல்ல வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"ஒங்க மாடுங்க மேயுறதப் பாத்தா கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்குடா. ஒக்காந்தது எந்திரிக்கவே மாட்டேங்குது."

"பனி பேஞ்சு பேஞ்சு இப்பத்தான் புல்லு தலை நீட்டுது அண்ணே. பசி."

"என் மாட்டுக்கு மட்டும் பசி இல்லையா? அதுங்க என்ன விரதமா?"

லூபும் அடுப்பில் வறட்டியை உடைத்துப் போட்டான். ஷாவோ தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"என் மூத்த பையன் அடுத்த வருஷம் தனிக்குடித்தனம் போறான். அவனுக்கு நெலம் பிரிச்சு விடணும். அதனால இந்தக் கோடைதான். அப்புறம் என்னால ஆகாது. மொகத்துக்கு நேரா சொல்லிடறேன், பின்னாடி வருத்தப்படாதீங்க."

"ஆகஸ்ட்ல பார்வை முடிஞ்சா எங்க நெலம் வந்துரும் பெரியத்தான். அப்புறம் ஒங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டோம்" என்றாள் யும்சோ.

"எட்டிப் பாக்க வேணாம்னு நான் சொன்னேனா? மாட்ட ஓட்டிட்டு வராதீங்கன்னுதான் சொன்னேன். தேநீர் குடிக்க வாங்க, யாரு வேணாங்கிறா." போதும் என்று கிண்ணத்தைக் கவிழ்க்காமல் மறுபடி நீட்டினான். அவள் மறுபடியும் ஊற்றினாள். எழுந்து போகும்போது வாசலில் நின்று சரிவைப் பார்த்தான். "ஒழுங்கா மொளைக்குமாடா அது?"

"மொளைக்கும்."

"ம்" என்றான். வழக்கமாக ஏதாவது குத்திப் பேசிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். அன்று பேசாமல் போனான்.

அதற்கப்புறம் நல்ல வெயில் வந்தது. ஒரே நாளில் பனியெல்லாம் உருகியது. துணியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் ஊசி ஊசியாக முளை. லூபும் அதை விரல் நுனியால் தொட்டுவிட்டு, விரலை முகர்ந்து பார்த்தான். மேஸ்திரி ஊருக்கு போன் போட்டு மனைவியிடம் புல் முளைத்த சேதியைச் சொன்னார். பிள்ளை பிறந்த சேதி மாதிரி சொன்னதாக எல்லாரும் அவரைக் கிண்டல் செய்தார்கள். வெயிலின் பின்னாலேயே மழை வந்தது. பனி அல்ல, ஆலங்கட்டி அல்ல, கீழ்நாட்டு மழைபோலச் சூடான, விடாத மழை. இந்த உயரத்தில் அப்படியொரு மழையை யாரும் பார்த்ததில்லை.

மழை விட்ட காலையில் யும்சோ பால் கறந்துகொண்டிருந்தாள். சரிவின் பக்கமிருந்து, கனத்த மூட்டையைத் தரதரவென்று இழுப்பதுபோல ஒரு சத்தம். பாத்திரத்தைக் கன்றின் காலடியிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

வெள்ளைத் துணி கிழிந்து, சரிவில் மூன்று இடத்தில் வாய் பிளந்திருந்தது. அந்த வாய்களிலிருந்து கறுப்புச் சேறு அடிவாரம் வரை வழிந்து கிடந்தது. முளையும் எருவும் அவர்களுடைய ஒரு மாத உழைப்பும் ஓடையில் கலந்து போய்க்கொண்டிருந்தன. மேஸ்திரி தலையில் கைவைத்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்ன பாவம் பண்ணேன்? சொல்லு தங்கச்சி. இறுக்கி உருட்டித்தானே வச்சேன். இந்த வானத்துக்கு என்மேல அப்படி என்ன கோவம்?"

 யும்சோ நடுவில் இருந்த பிளவின் மேல்முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரிந்தது அங்கிருந்துதான். அந்த இடத்திலிருந்து பார்த்தால் எதிரே இரட்டைக் கொம்புச் சிகரத்தின் இடது கொம்பு, நேர் கீழே ஓடை வளைவு. அடையாளம் அவளுக்குத் தப்பாது. 

போன இலையுதிர்காலத்தில், சரிவுக்குக் களிமண் போட்டு இறுக்கி முடித்திருந்த சமயம், அவளும் லூபுமும் அங்கே ஒரு கலசம் புதைத்திருந்தார்கள். நிலத்தைத் தோண்டிச் சாரத்தை எடுத்துவிட்டால் பூமி நோய்ப்படும், பிறகு கலசம் வைத்துத்தான் தேற்ற வேண்டும் என்று லாமா சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் அவர்களுக்கே தெரியும். சுரங்கம் வந்ததிலிருந்து கன்று தங்கவில்லை, ஓடைத் தண்ணீர் கறுத்தது, லூபுமுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஐந்து தானியம், மூலிகை, பழைய மேய்ச்சல் நிலத்தில் மிஞ்சியிருந்த ஒரு பிடி மண் எல்லாம் நிரப்பி, தன் கழுத்துப் பவளத்தில் ஒன்றை அறுத்து அவளே உள்ளே போட்டாள். கெட்டித் தரையில் வைக்கவேண்டும் என்பதால் லூபும் கடப்பாறையால் களிமண்ணைக் குத்தி, அடியில் எந்தக் கோடையிலும் உருகாத ஐஸ் தட்டும்வரை தோண்டினான். வைத்து மூடியபோது இருவருக்கும் மனசு நிறைந்திருந்தது. வீட்டு நோயாளிக்கு வாயில் மருந்து ஊற்றிவிட்ட நிம்மதி.

மேஸ்திரி அன்று மதியமே தேறிவிட்டார். லூபுமைத் தனியே கூப்பிட்டார். யும்சோவும் கூடப் போனாள்.

"இத பாரு தம்பி. இஞ்சினியரம்மா கீழ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு, தலைவலி. நாளைக்குத்தான் வரும். அதுக்குள்ள பள்ளத்துல எருமண்ணக் கொட்டி மூடிருவோம். சீக்கிரம் மொளைக்கிற ஓட்ஸ் வெதை போட்டு, புதுத் துணி விரிச்சிட்டா ஆகஸ்ட்டுக்குள்ள பச்சை கட்டிரும். வர்றவங்க கீழ ரோட்டுல நின்னுதான் பாப்பாங்க. எவன் இந்த மூச்ச வச்சுக்கிட்டு மேல ஏறப்போறான்?"

"தாங்குமா?" என்றாள் யும்சோ.

"ஆகஸ்ட் வரைக்கும் தாங்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் நெலம் ஒங்களுது தங்கச்சி. நான் ஏன் அதப் பத்திப் பேசணும்?" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை. ஊருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலம் மாடுகளைக் கயிற்றில் கட்டும்போது புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டார்கள். பேச்சென்றால், ஆளுக்கொரு மாட்டின் பின்னால் நின்றுகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

"சொல்லிரலாம்யா."

"என்னத்த?"

"ஒனக்குத் தெரியும் என்னத்தன்னு."

லூபும் முடிச்சை இறுக்கினான். "சொன்னா? திரும்பத் தோண்டுவாங்க. திரும்ப உருட்டுவாங்க. திரும்ப வெதைப்பாங்க. இந்த வருஷம் பார்வை கெடையாதும்பாங்க. அண்ணன் என்ன சொன்னாருன்னு நீயும்தானே கேட்ட? அடுத்த வருஷம் இதுங்கள எங்க மேய்ப்ப? ஒன் மடியிலயா?"

"சொல்லாட்டி சரிவே ஓடைக்குப் போயிரும். அடுத்த மழையோ அதுக்கு அடுத்த மழையோ."

"போனா போகட்டும். அப்ப அது நம்ம நெலம். நம்ம நெலம் போச்சுன்னு ஒக்காந்து அழுவோம். இப்ப அழுறதுக்குக்கூட நமக்கு நெலம் இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்ததில் அவளுக்குக் கோபமும் வந்தது. "யோவ், நீ தோண்டுன குழி. என் பவளம் உள்ள கெடக்கு. பூமிக்கு மருந்து போடுறோம்னு போய் வயித்தக் கிழிச்சு வச்சிருக்கோம். கிழிச்ச எடத்துல துணியப் போட்டு மூடிட்டு, புல்லு வந்துருச்சு பாருங்கன்னு பல்லக் காட்டச் சொல்றியா? என்னால முடியாது. நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேன் லூபும். பொய்யையும் சேத்துத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல."

லூபும் கடைசி மாட்டையும் கட்டினான். அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "ஒன் இஷ்டம்" என்றான். அது சம்மதமா சலிப்பா என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் இஞ்சினியர் சூ கண்டெய்னரில் மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசு. வெயிலும் பனியும் சுட்டுக் கன்னம் கறுத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டியிருந்தாள். மேசைமேல் நூடுல்ஸ் பாதி வெந்தும் வேகாமலும் விறைத்துக் கிடந்தது. இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் எதையும் வேகவைக்காது. மேஸ்திரி பொக்லைன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். வெளியே ஷாவோவின் டிராக்டர் ஆட்டெரு மூட்டைகளோடு வந்து நின்றது. எருவைக் கொண்டுவந்து போடுவது அவன் பொறுப்பு. லூபும் மூட்டை இறக்கப் போய்விட்டான்.

யும்சோ உள்ளே போய் நின்றாள். நின்றவள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். கோர்வையாக வரவில்லை. கலசத்திலிருந்து ஆரம்பித்து, கன்றுகள் செத்ததற்குப் போய், மறுபடி கடப்பாறைக்கு வந்தாள்.

மேஸ்திரி சாவியை மேசைமேல் போட்டார். "தங்கச்சி! நான் ராத்திரியெல்லாம் தூங்காம, எந்த எடத்துல சரியா உருட்டாம விட்டேன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போயிருக்கேன்!"

"அதான் சொல்ல வந்தேன் அண்ணே."

இஞ்சினியர் குழாயைச் சரிசெய்துகொண்டாள். திட்டவில்லை. "எவ்வளவு ஆழம்?"

"ஐஸ் தட்டுற வரைக்கும்."

"மூடும்போது என்ன போட்டீங்க?"

"கையில கெடைச்சதுதான். எரு, பொடிக்கல்லு."

"அதான்" என்றாள் இஞ்சினியர். "அந்தக் களிமண்ணு தண்ணிய அடிப்பனிகிட்ட விடாம நிறுத்துறதுக்குத்தான். நீங்க வழி வச்சுக் குடுத்துட்டீங்க. தண்ணி உள்ள எறங்கி ஐஸக் கரைச்சு, மேல இருக்குறதெல்லாம் வழுக்கிட்டு வந்துருச்சு. நல்லவேளை சொன்னீங்க. மேலாக்க மூடியிருந்தா முழுச் சரிவும் போயிருக்கும்." பிறகு சொன்னாள்: "ஆனா இந்த வருஷம் இதப் பார்வைக்கு வைக்க முடியாது. தோண்டி எடுத்துக் களிமண்ண மறுபடி இறுக்கணும். அடுத்த வருஷ ஆகஸ்ட்தான். அதுக்கடுத்த கோடையிலதான் மேய்ச்சல். ஒங்களுக்கு இது கஷ்டம்னு தெரியுது."

யும்சோவுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்கத் தயாராகத்தான் வந்தாள். இருந்தும் கேட்டதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். 

"அது சரி" என்றார் மேஸ்திரி. "நடுவுல இருக்குறது ஒங்களுது. சரிஞ்சது மூணு எடமாச்சே?"

வாசலில் யாரோ செருமினார்கள். ஷாவோ எரு மூட்டையைத் தோளில் வைத்தபடி நின்றிருந்தான். இறக்கி வைக்க மறந்துவிட்டான் போலிருந்தது.

"இடது பக்கம் இருக்குறது..." என்றான். "அது நான் வச்சது."

பின்னால் வந்து நின்ற லூபும் வாயைப் பிளந்தான். "அண்ணே?"

"என்ன அண்ணே? கலசம் வைக்கக் கூடாதுன்னு சட்டமா?" ஷாவோ மூட்டையைத் தொப்பென்று போட்டான். எருத்தூசி கிளம்பி இஞ்சினியருக்கு இருமல் வந்தது. "பாகம் பிரிக்கும்போது ஆத்தங்கரைய நான் எடுத்துக்கிட்டேன். மூத்தவன்னு மொதல்ல கேட்டாங்க, எடுத்துக்கிட்டேன். ஒன் பங்குல இந்த எழவு வந்து விழுந்துச்சு. எனக்குத் தூக்கம் வருமா? அப்பா அடுப்புப் போட்ட எடமாச்சேன்னு ஒண்ணு வச்சேன்."

"அப்பா அடுப்பு அங்க இல்ல அண்ணே. நடுவுல. இடது கொம்புக்கு நேரா."

"வலது கொம்புக்கு நேராடா. நீ அப்பத் தவழ்ந்துக்கிட்டு இருந்த. ஒனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாதா? அந்த அடுப்புல நான் கையச் சுட்டுக்கிட்டேன், இங்க பாரு தழும்பு."

"தழும்புல கொம்பா வரைஞ்சிருக்கு?"

"ஐயா சாமிகளா!" என்று மேஸ்திரி இரண்டு கையையும் தூக்கினார். "அடுப்பு எங்க இருந்தா என்ன? குழி எங்க இருக்கு, அதச் சொல்லுங்க. மழை வருதுங்கிறாங்க!" பிறகு வாசலுக்குப் போய், எரு கலந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "வலது பக்கம் யாரு வச்சது? இப்பவே சொல்லிருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்!"

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு எல்லாரும் மும்முரமாகத் தரையைப் பார்த்தார்கள்.  வலது பக்கம் தோண்டியபோது, நீலப் பட்டில் சுற்றிய அழகான கலசம் ஒன்று வந்தது. மூன்றிலும் அதுதான் பெரியது. அது யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது.

தோண்டுவது லேசான காரியமாக இல்லை. உருகிய தண்ணீர் மறுபடி உறைந்து கலசத்தைக் கவ்விப் பிடித்திருந்தது. பொக்லைன் வைத்தால் உடைந்துவிடும் என்று ஷாவோ குறுக்கே படுத்துவிட்டான். கெட்டில் கெட்டிலாகச் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, கொம்புக் கரண்டியால் சுரண்டினார்கள். நடுவே ஆலங்கட்டி வந்தது. குழிக்குமேல் துணியைப் பிடித்தபடி மேஸ்திரி நின்றார். உதடு ஊதாவாகியும் நகரவில்லை. "என்னோட சாமி இல்ல. ஆனா உடைஞ்சா இவங்க என்னைய உடைச்சிருவாங்க" என்று சொல்லிக்கொண்டார். கலசங்களை ஷாவோவின் நிலத்தில், ஆற்றுக்கு மேலே மேட்டில், யாரும் உருளை ஓட்டாத இடத்தில் வைத்தார்கள். லாமா வந்து பூமியிடம் மன்னிப்புக் கேட்டார். எல்லாரும் அவரோடு சேர்ந்து கேட்டுக்கொண்டார்கள், மேஸ்திரி மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

மறுபடியும் களிமண், உருளை, எரு, விதை, துணி. விதைக்கும் காலம் தாண்டியிருந்தது. யும்சோ முழங்காலில் ஊர்ந்து மறுபடி கல் வைத்தாள். இந்த முறை ஷாவோவின் மனைவியும் மருமகளாக வரப்போகிறவளும் கூட வந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஷாவோ டிராக்டரில் எருவைக் கொட்டிவிட்டு, "இதுவும் என் ஆட்டுப் பட்டியில இருந்துதான். குளிருக்கு என்னத்த எரிக்கப்போறேனோ" என்று புலம்பிவிட்டுத் திரும்பப் போய் இன்னொரு லோடு கொண்டுவந்தான்.

ஆகஸ்டில் மாகாணத்துக் கார்கள் பார்வைக்கு வந்தன. பக்கத்துச் சரிவுகளின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். செர்லுங்குக்கு முன்னால் நிற்கவில்லை. யும்சோ கூடார வாசலில் நின்று தூசி அடங்கும்வரை பார்த்தாள்.

மேஸ்திரி ஊருக்குக் கிளம்பும்போது, தான் சுட்ட தட்டை ரொட்டி ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். "அடுத்த வருஷமும் நான்தான் வருவேன் போல. ஒங்களாலதான்" என்றார். கோபம் மாதிரியும் இருந்தது.

செப்டம்பரில் மாட்டு வியாபாரி லாரி கொண்டுவந்தான். ஷாவோ முன்னாலேயே சொல்லிவிட்டான்: "பாதி மாடுன்னா அடுத்த கோடையையும் என் பக்கம் சமாளிக்கலாம். பையன்கிட்டப் பேசிட்டேன். முழுசும் முடியாதுடா. கோவிச்சுக்காத." லூபும் கோபித்துக்கொள்ளவில்லை. எந்தப் பாதி என்று அவனால் சொல்ல முடியாததால் யும்சோதான் பிரித்தாள். ஒவ்வொன்றின் பேரையும் சொல்லிக் கழுத்துக்கயிற்றை அவிழ்த்துவிட்டாள். லாரி போன பிறகு லூபும் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். அவள் அழவில்லை. கறக்க இன்னும் பாதி இருந்தது.

சில நாள் கழித்து, முதல் பனிக்கு முந்திய மத்தியானம். வேலியைச் சுற்றிப் பார்த்துவருவது அவளுடைய வேலை, அதற்கென்று கையில் ஒரு சிவப்புப் பட்டை கொடுத்திருந்தார்கள். சரிவில் புல் வந்திருந்தது. அடர்த்தி இல்லை, பிறந்த குழந்தையின் தலைமுடி அளவுக்குத்தான். கீழே கம்பி ஓரிடத்தில் தளர்ந்திருந்தது. அதன் வழியாக ஒரு கன்று உள்ளே போயிருந்தது. அவர்களுடையதுதான், விற்காமல் வைத்துக்கொண்ட கறுப்புப் பசுவின் கன்று.

யும்சோ கவணில் கல்லை வைத்தாள். வைத்தவள் சுற்றவில்லை.

கன்று புல்லைக் கடித்து இழுத்தது. சரக்கென்று ஒரு சத்தம். காற்று அடங்கியிருந்ததால் தெளிவாகக் கேட்டது. செர்லுங்கில் மாடு மேயும் சத்தம். அவள் கல்யாணமாகி வந்த வருஷம் விடியற்காலையில் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு கேட்ட சத்தம். அதற்குப் பிறகு இங்கே வெடிச் சத்தத்தையும் லாரிச் சத்தத்தையும்தான் கேட்டிருக்கிறாள்.  கண்ணீர் தானாக வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. இன்னொரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய் என்று கன்றுக்குச் சொல்வதுபோலத் தனக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள்.

கன்று தலையைத் தூக்கியது. அதன் வாயில் புல் தொங்கியது. புல்லோடு வேரும் தொங்கியது. வேரில் கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். கன்று கடித்த இடமெல்லாம் சின்னச் சின்னக் குழியாக இருந்தது. அறுந்து வரவேண்டிய புல், வேர் இன்னும் ஊன்றாததால் மொத்தமாகப் பெயர்ந்து வந்திருந்தது.

"போ" என்றாள். அது போகவில்லை, அவள் கையை நக்க வந்தது. "போன்னு சொல்றேன்ல!" கவணைச் சுழற்றி அதன் பின்னங்காலுக்குப் பக்கத்தில் அடித்தாள். கன்று துள்ளிக் கம்பிக்கு வெளியே ஓடியது, தூரத்தில் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தது.

யும்சோ மண்டியிட்டாள். சிதறிக் கிடந்த புல்லைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகக் குழியில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினாள். பிறகு கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இடுக்கி கொண்டுவரச் சொல்லி லூபுமைக் கூப்பிட்டாள்.